ஆண்டுக்கு ஒரு நாள் பூட்டிய கேற்

நிலத்தைப் பற்றிய நமது பழைய கட்டளைச் சட்டம் ஒன்று இப்படிச் சொல்கிறது: இன்னொருவருடைய காணியை, அவருடைய அனுமதி கேட்காமல், பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாகவும் தடங்கல் இல்லாமலும் ஒருவர் அனுபவித்து வந்தால், அந்த அனுபவமே அவருக்கு உரித்தாகிவிடும். நடைபாதைக்கும் இதே விதிதான். பத்து ஆண்டுகள் ஒருவருடைய வளவுக்குள்ளால் நடந்தால், பதினோராவது ஆண்டு அந்தப் பாதை உங்களுடையது.

பத்து ஆண்டு என்பது எவருக்கும் விளங்கும். தடங்கல் என்பதுதான் சிக்கல். நான் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்த காலத்தில், அந்த ஒரு சொல்லுக்காகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடியதைப் பார்த்திருக்கிறேன். பாட்டனார் போட்ட வழக்குக்குப் பேரன் வந்து தவணை கேட்பான். என்ன வழக்கு என்று கேட்டால் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்பான்.

அவ்வளவு காலம் கோவைகளைக் கட்டி அவிழ்த்த எனக்கு, தடங்கல் என்றால் என்னவென்று சரியாக விளங்கியது ஓய்வுபெற்ற பிறகுதான். அது கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையின் கோடியில், ஒரு தீபாவளியன்று தொடங்கியது.

கதிரையில் ஒரு மனிதர்

சீனவெடி கொளுத்த முடியாத தீபாவளிகள் அவை. ஒரு வெடி வெடித்தால் போதும், சந்தியில் நிற்கும் ஆமிக்காரர் ஓடி வருவார்கள். அதனால் எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தை வைத்துத்தான் பண்டிகை என்று அறிய வேண்டும். கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். கோடி வீட்டு இராசநாயகம் தன்னுடைய பின்வளவில், கேற்றுக்கு நேரே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் பத்திரிகை. கேற்றில் தேங்காய் அளவில் ஒரு ஆமைப் பூட்டு.

இராசநாயகம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் கட்டாதவர். அங்குலக் கணக்கில் வாழ்ந்தவர்.

"என்ன, கோயிலுக்கு வரேல்லையோ?" என்றேன்.

"இண்டைக்கு ஏலாது. வேலை இருக்கு."

"கதிரையில இருக்கிறது ஒரு வேலையோ?"

"ஓம். தடங்கல் பண்ணிக்கொண்டிருக்கிறன்."

அவருடைய வளவுக்குப் பின்னால், ரயில் பாதையோரமாக, நான்கு அறைகள் கொண்ட ஒரு லயம் போன்ற கட்டடம் இருந்தது. அதில் ஓர் அறையில் புஷ்பம் இருந்தாள். மலைநாட்டு அட்டன் பக்கத்திலிருந்து, எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கொழும்புக்கு வந்தவள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பது தொழில். அந்த அறைகளுக்கு உள்ள சொந்த வழி ரயில் பாதையோரம்தான். அங்கே ஒரு காவலரண். விடியுமுன் அந்தப் பக்கம் யாரும் நடமாடக் கூடாது. கடைகளுக்கு இடியப்பம் விடியுமுன் போய்ச் சேர வேண்டும். ஆகவே புஷ்பமும் மற்ற அறைக்காரரும் இராசநாயகத்தின் பின்கேற்றைத் திறந்து, வளவின் ஓரமாக நடந்து, எங்கள் ஒழுங்கைக்கு வருவார்கள். வாளிக் கக்கூசு காலத்தில் சுத்திகரிப்புத் தொழிலாளர் வந்து போவதற்கென்று வைத்த கேற் அது. அந்தக் காலம் போன பிறகும் கேற் இருந்தது.

இராசநாயகம் அவர்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. அனுமதி கொடுக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. மறுக்கவும் இல்லை. மறுப்பதற்குக் கதைக்க வேண்டும்.

"பத்து வருசம் சும்மா விட்டால் பாதை அவையின்ரை. வருசத்தில ஒரு நாள் பூட்டினால் கணக்குத் திரும்ப முதலிலயிருந்து துடங்கும். உமக்கு நான் சட்டம் சொல்லோணுமே?"

"சட்டம் சரி. ஏன் தீபாவளியில?"

அவர் பத்திரிகையை மடித்தார். "அண்டைக்கு மட்டும்தான் புஷ்பம் மா அவிக்கிறதில்லை. வேற நாளில பூட்டினால் அவளின்ரை தொழில் கெட்டுப்போகும்."

"கெட்டால் உமக்கென்ன?"

"பிறகு நான் காலமை என்னத்தைச் சாப்பிடுறது?"

கதிரையை விட்டு அவர் அசையவில்லை. ஒரு நிமிடம் உள்ளே போய் வருவதற்குள் யாராவது கேற் வழியால் ஏறிக் குதித்துவிட்டால் தன்னுடைய தடங்கலுக்கே தடங்கல் வந்துவிடும் என்று பயந்தார். தண்ணீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தண்ணீர் குடித்தால் உள்ளே போக வேண்டிவரும்.

கொட்டாஞ்சேனைக் கிணறு

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போக மாட்டேன். நான் எழுதுவினைஞனாக வேலை தொடங்கிய காலம். கொட்டாஞ்சேனையில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் ஒரு கிணறு. கிணறு ஒருவருடையது, அள்ளுவது மற்றவர். கிணற்றுக்காரருக்கு யாரோ இந்தத் தடங்கல் விஷயத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஆண்டுதோறும் ஒரு நாள் கிணற்று வாயில் பலகை போட்டு மூடி, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் பிடித்து வைத்தார். அன்றைய பத்திரிகையைக் கையில் விரித்துப் பிடித்திருப்பார், தேதிக்காக.

வழக்கு வந்தபோது படங்கள் எல்லாம் சான்றாகத் தாக்கலாயின. நீதிபதி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் கிணற்றுக்காரருக்குப் பக்கத்தில் தண்ணீர் அள்ளும் குடும்பம் முழுவதும் தலை வாரிப் பொட்டு வைத்து நின்றது.

"தடுக்கப்பட்ட ஆட்கள் ஏன் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

"ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னவர், ஐயா."

தீர்ப்பு கிணற்றுக்காரருக்கு எதிராக வந்தது. தடுக்கிறவர் தடுக்கிறார் என்பது தடுக்கப்படுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். மேன்முறையீடு செய்தார்கள். அதற்குள் மாநகர சபைக் குழாய் வந்துவிட்டது. கிணற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யுத்தம் காணிக்காரர் அல்ல

அந்த ஆண்டுகளில் எங்களுக்குத் தடங்கல் பஞ்சம் இருக்கவில்லை. மின்சாரம் நிற்கும். ரயில் தெஹிவளையில் நிற்கும், ஏன் என்று கேட்டால் பாலத்தடியில் ஒரு பொதி கிடக்கிறது என்பார்கள். பொதியைத் திறந்தால் யாரோ மறந்துவிட்டுப்போன நெத்தலிக் கருவாடாக இருக்கும். ஊரடங்கு போட்டால் பாதி அவிந்த இடியப்பத்தோடு புஷ்பம் கேற்றடியில் நின்று திரும்பிப் போவாள்.

இவையெல்லாம் அவளுடைய பத்து ஆண்டைக் கலைத்துவிடுமா? கலைக்காது. காணிக்காரர் தன் உரித்தைக் காட்டித் தடுத்தால்தான் சட்டத்தில் அது தடங்கல். யுத்தம் எந்தக் காணிக்கும் உறுதிப் பத்திரம் வைத்திருக்கவில்லை.

கலவர காலத்தில் நாங்களும் சில வாரங்கள் அகதி முகாமில் இருந்தோம். திரும்பி வந்தபோது குசினியில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அது எழும்பவில்லை, இது யார் என்பது போலப் பார்த்தது. எங்கள் ஆட்சி தடைப்பட்டதா, கோழியின் ஆட்சி தொடங்கிவிட்டதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பரமேஸ்வரி ஒன்றும் யோசிக்கவில்லை. குஞ்சு பொரிக்கும் வரை வெளியில் கல் வைத்து அடுப்பு மூட்டினாள். இந்த விஷயத்தில் கட்டளைச் சட்டம் மௌனம்.

தயாளன் வந்தார்

தொண்ணூறுகளின் நடுவில் இராசநாயகம் கனடாவுக்குப் போனார். அக்காவின் மகன் கூப்பிட்டிருந்தான். வீட்டையும் வளவையும் தயாளன் என்ற இளம் கட்டடக்காரருக்கு விற்றார். வெள்ளவத்தையில் அப்போது எல்லாக் காணியும் மேல்நோக்கி வளரத் தொடங்கியிருந்தது. வடக்கிலிருந்து வருகிற சனத்துக்கு வீடு வேண்டும், வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளுக்கு அதை வாங்கக் காசு அனுப்ப வேண்டும், நடுவில் தயாளன் போன்றவர்கள் சீமெந்து குழைக்க வேண்டும்.

தயாளன் கெட்டவர் அல்ல. காலையில் காணும்போது "அங்கிள், சுகமோ?" என்று கேட்பார். அவருடைய திட்டத்தில் பின்மதில் முழுக்க எழும்ப வேண்டும். கேற் இருந்த இடத்தில் ஜெனரேற்றர் அறை.

புஷ்பம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வாசலில் இடியப்பப் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறவள் அன்று உள்ளே வந்து நின்றாள்.

"ஐயா, அந்தத் தம்பி கேட்ட எடுத்துட்டு மதில் கட்டப் போறாராம். நான் எப்படிங்க போறது? ரயில் ரோட்டுல விடிஞ்ச பொறவுதான் விடுவாங்க. விடிஞ்ச பொறவு இடியப்பம் கொண்டு போனா கடைக்காரங்க யாரு வாங்குவா? பேக்கரிப் பாண் வந்துரும்."

"பத்து வருசத்துக்கு மேல நடந்திருக்கிறீங்கள். உரித்து இருக்கு" என்றேன். "ஆனால் ஒரு சிக்கல். இராசநாயகத்தார் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேற்றைப் பூட்டினவர். அது சட்டப்படி தடங்கல்."

"தடங்கலா? அது அவுக விரதமுங்களே."

"என்ன விரதம்?"

"தீவாளிக்குத் தீவாளி இருப்பாங்க. காலையில குளிச்சு, திந்நூறு பூசி, வாசல்ல உக்காந்தாங்கன்னா பொழுது சாயிற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. எந்திரிக்க மாட்டாங்க. கேட்டையும் பூட்டிருவாங்க, தீட்டு உள்ள வந்துரக் கூடாதுன்னு. பொஞ்சாதி புள்ள இல்லாத மனுசன், என்னா வேண்டுதலோன்னு நாங்களும் அன்னிக்கு அந்தப் பக்கம் போறதில்லை. பொழுது சாஞ்சதும் நான் போயி தேங்கா ஒடைச்சு, கேட்டடியில சூடம் கொளுத்தி, ரெண்டு வடையும் பாயசமும் குடுத்து முடிச்சு வைப்பேன். அப்பறந்தான் பூட்டைத் தெறப்பாங்க."

பரமேஸ்வரி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இஞ்சாருங்கோ, சட்டத்துக்குச் சூடம் கொளுத்தின ஆள் உலகத்தில இவ ஒருத்திதான்."

நான் சிரிக்கவில்லை. பதிவாளராக இருந்தவனுக்குச் சில இடங்களில் சிரிப்பு பிந்தித்தான் வரும். "பூட்டைத் திறக்கேக்க அவர் என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"'விரதம் முடிஞ்சுதுங்களா ஐயா'ன்னு கேப்பேன். 'ம்'ன்னுவாங்க."

"வேற?"

"வேற என்னாங்க? வடையை வாங்கிக்கிட்டு உள்ள போயிருவாங்க."

சபையில் ஒரு 'ம்'

காணிப் பிணக்கு நீதிமன்றத்துக்குப் போகுமுன் இணக்க சபைக்குப் போக வேண்டும் என்பது விதி. சபை சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலையில் கூடியது. முதலாம் வகுப்பு அறை. பெரிய மனிதர்கள் எல்லோரும் சின்ன வாங்குகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். சுவரில் முயலும் ஆமையும் ஒட்டியிருந்தன. தலைவர் தெஹிவளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் தாஹிர் மாஸ்டர். தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்தில் கையெழுத்து வைப்பார்.

புஷ்பத்தின் பேச்சைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'ம்' எண்டு செல்லிக் காட்டுங்க."

புஷ்பம் சொல்லிக் காட்டினாள்.

"இது ஓம்ங்கிற 'ம்'மா, சரி போ எங்கிற 'ம்'மா?"

"பசியில சொல்ற 'ம்'முங்க" என்றாள் புஷ்பம்.

தயாளன் எழும்ப முயன்று, வாங்கும் கூடவே எழும்பியதால் திரும்ப உட்கார்ந்தார். "சேர், காணி வாங்கேக்க நான் அவரைக் கேட்டனான். பின்னால போற சனத்துக்கு உரித்து ஏதும் இருக்கோ எண்டு. இல்லை, ஒவ்வொரு வருசமும் அறிவிச்சுத்தான் பூட்டினனான் எண்டு சொன்னவர். அந்த நம்பிக்கையிலதான் நான் பிளான் போட்டனான். இப்ப வந்து விரதம், வடை எண்டால் நான் என்ன செய்யிறது?"

அது நியாயமான பேச்சு. இராசநாயகம் தடுக்க நினைத்தார் என்பது எனக்குத் தெரியும், என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் நினைத்தது போதாது. புஷ்பத்திடம் சொன்னாரா என்பதுதான் கேள்வி. பின்னேரங்களில் அந்தக் கேற்றடியில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் நின்றதில்லை.

"ரெண்டு பேரும் செல்றது ஒரே ஆளப் பத்தி" என்றார் தாஹிர் மாஸ்டர். "அவருட்ட கேக்காம நாங்க முடிவு செய்யேலா. எழுதிக் கேளுங்க, கையெழுத்தோட பதில் வரட்டும். மே மாசத்து வெசாக் வரைக்கும் டைம் தாரன். அது வரைக்கும் தம்பி ஒரு கல்லும் வைக்கப்படா. அதுக்குப் பொறகும் பதில் இல்லாட்டி, இணக்கம் இல்லை எண்டு எழுதித் தந்திருவன். கோட்டுக்குப் போங்க."

கோட்டுக்குப் போவதென்றால் என்னவென்று அந்த அறையில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. மதில் ஒரு கிழமையில் எழும்பும். வழக்கு விளங்கி முடியப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் இடியப்பம் எடுக்கப் பழகிவிடுவார்கள், புஷ்பம் அட்டனுக்குத் திரும்பிப் போயிருப்பாள்.

வெளியே வந்ததும் தயாளன் என் தோளைத் தொட்டார். "அங்கிள், வீணாய் முத்திரைக் காசு செலவழிக்கிறீங்கள். வித்த காணியில பாதை இருக்கெண்டு வித்தவரே எழுதித் தருவாரே?"

அதுவும் நியாயமான பேச்சுத்தான்.

கேள்வி எழுதும் முறை

கடிதம் எழுத உட்கார்ந்தேன். பரமேஸ்வரி பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"என்ன எழுதப் போறியள்?"

"பூட்டின நாளுகளில நீர் புஷ்பத்துக்கு என்ன சொன்னீர், அவள் உமக்கு என்ன சொன்னாள், ஞாபகமிருக்கிறதை எழுதும் எண்டு."

"அவ்வளவோ? புஷ்பத்தின்ரை நிலைமை இது, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேளுங்கோவன்."

"சாட்சிக்குப் பதிலைச் சொல்லிக் கொடுத்துக் கேட்கக் கூடாது."

"அது கோட்டில. இது கனடாவில."

நான்கு வரிதான் எழுதினேன். ஐந்தாவதாக, மதில் எழும்பினால் புஷ்பம் தொழிலை விட வேண்டிவரும் என்று ஒரு வரி சேர்த்தேன். அது கேள்வி அல்ல, தகவல். பரமேஸ்வரி வாசித்துவிட்டு, "உங்களோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினதுக்கு எனக்கு ஒரு உரித்தும் வராதோ?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். தொலைபேசியில் வந்த குரலைக் கோவையில் தைக்க முடியாது.

முதல் கடிதம் ஐந்தாறு கிழமைக்குப் பிறகு என்னிடமே திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் இப்போது வேறு ஆட்கள். கனடாவில் நம்மவர்கள் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்கு, பிறகு அதைவிடப் பெரிய வீட்டுக்கு என்று மாறிக்கொண்டே இருந்த காலம். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடித்துப் புது விலாசம் எடுத்து மறுபடி அனுப்பினேன். தைப்பொங்கல் வந்து போனது. சிவராத்திரி வந்து போனது. சித்திரைப் புதுவருடம் வந்தபோது தயாளனின் ஆட்கள் செங்கல் கொண்டுவந்து கேற்றுக்குப் பக்கத்தில் அடுக்கத் தொடங்கினார்கள். கல் வைக்கக் கூடாது என்றுதான் சபை சொன்னது. அடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் கட்டளையைப் பார்த்தேன், அவர் பக்கம் சரி.

புஷ்பம் பதில் வந்துவிட்டதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இடியப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டே, "கனடாவுல இப்பவும் குளிருங்களா ஐயா?" என்பாள். நான் ஓம் என்பேன். அடுத்த கிழமை, "இன்னும் பனி விடலீங்களா?" என்பாள். சித்திரைக்குப் பிறகு குளிரைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கேற்றடியில் செங்கல் இடுப்பளவுக்கு வந்திருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருந்தது.

தபால்காரர் மணியடித்தார்

வெசாக் பண்டிகையின் காகித விளக்குக் கூடுகளுக்கு எங்கள் ஒழுங்கை முழுவதும் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் வாசலிலேயே பசை காய்ச்சியது. மா வாசத்துக்கு இரண்டு தெருநாய்கள் வந்து காவலிருந்தன. தயாளனின் மேசன் பாஸ் கேற்றடியில் நூல் பிடித்து அடையாளம் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விடுமுறை முடிந்த மறுநாள் வேலை தொடக்கம்.

தபால்காரர் வந்து சைக்கிளை மூங்கில்களுக்கு மேலால் தூக்கி வைத்து, மணியடித்து, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கினார்.

உள்ளே ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி. முறையாக, சத்தியம் செய்விக்க அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை குத்தியது. ஆண்டுக்கு ஒரு நாள் பாதையில் உரித்து ஏற்படாமல் இருக்கும் நோக்கத்துடன் கேற்றைப் பூட்டினார் என்பது முதல் பந்தி. அந்த நோக்கத்தை எந்த ஆண்டும் எவருக்கும் அறிவிக்கவில்லை என்பது இரண்டாம் பந்தி. அறிவித்ததாகத் தயாளனுக்குச் சொன்னது தவறு, அதனால் அவருக்கு வரும் நட்டத்தைத் தான் ஏற்பதாக மூன்றாம் பந்தி.

அதோடு எனக்குத் தமிழில் ஒரு துண்டு.

"ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்றுதான் கதிரையில் உட்காருவேன். சொன்னால், ஏன் ஐயா எங்களை மறிக்கிறீங்கள் என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் சட்டம் இருந்தது, பதில் இருக்கவில்லை. ஆகவே ம் என்று சொன்னேன்."

நான் அதை எடுத்துக்கொண்டு செங்கல் குவியலடிக்குப் போனேன். தயாளன் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் பந்தியில் விரலை வைத்தார்.

"இந்த மனுசன் கனடாவில போய் இருந்துகொண்டும் என்ரை காணியில கதிரை போட்டிருக்கிறார், அங்கிள்."

"என்ன செய்யப் போறீர்?"

"என்ன செய்யிறது. கோட்டுக்குப் போனாலும் இந்தக் கடதாசிதானே வரும்." மேசன் பக்கம் திரும்பினார். "பாஸ், நூலைக் கழட்டுங்கோ. மூண்டடி விட்டிட்டு இஞ்சால பிடியுங்கோ. ஜெனரேற்றர் முன்னுக்குப் போகுது."

பாஸ் தேநீர்க் கோப்பையைச் செங்கல்லின் மேல் வைத்துவிட்டு நூலைக் கழற்றினார். அவருக்கு இப்படி எத்தனையோ நூல்.

புஷ்பம் கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. கடிதத்தை அவளுக்கு வாசித்துச் சொன்னேன். பாதை இனி அவளுடையது, சபையில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள் என்றேன். தலையாட்டினாள். ஆனால் அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு எதையோ.

"அப்ப எங்கள மறிக்கத்தானுங்களா உக்காந்திருந்தாங்க?"

"ஓம்."

"சொல்லியிருந்தா நாங்க அந்த வழியே போயிருக்க மாட்டோமே, ஐயா. பெரிய மனுசன் சொன்னா கேக்காமலா?"

சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். போகாதிருந்தால் பத்து ஆண்டு என்றைக்கும் ஆகியிருக்காது. இதை அவளுக்கு விளக்கலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு விட்டுவிட்டேன். அவள் ஏற்கெனவே செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கியிருந்தாள். பெட்டியோடு நேராக நடந்து போக இடம் வேண்டுமே. பாஸும் கோப்பையை எடுத்துவிட்டுக் கை கொடுத்தார்.

விடுமுறைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, அதே சின்ன வாங்குகளில் உட்கார்ந்து, எல்லோரும் இணக்கத்தில் கையெழுத்திட்டோம். தாஹிர் மாஸ்டர் கடதாசியை நிரப்பிக்கொண்டு வந்து ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"கனடாப் பதில் கெடச்சது என்னைக்கு?"

நான் சொன்னேன், அவர் எழுதினார்: வெசாக்குக்கு முதல் நாள், புதன்கிழமை, பிற்பகல்.